நாளுக்குள் அடங்காத தாளங்கள்

இரவும் பகலும் மாறி மாறி வருவதற்கேற்ப நம் உடலும் மாறுகிறது. உறக்கமும் விழிப்பும், பசியும், உடல் வெப்பமும், இரத்த அழுத்தமும் ஏறக்குறைய 24 மணி நேரத்திற்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றன. இந்த அன்றாட ஒழுங்கிற்கு ‘சர்க்கேடியன்’ என்று 1959ஆம் ஆண்டு பெயர் சூட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி பிரான்ஸ் ஹால்பெர்க். இதனை நடத்தும் மரபணுக்களின் செயல்முறையை விளக்கிய மூவருக்கு 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆகவே நமக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது இன்று பலரும் அறிந்த செய்தியே.

ஆனால் அந்தக் கடிகாரம் ஒன்றே ஒன்று அன்று. ஒரு நாளுக்குள் பலமுறை வந்து போகும் தாளங்கள் உள்ளன. இவற்றை ‘அல்ட்ரேடியன்’ என்பர். ஒரு நாளில் முடியாமல் மாதத்திற்கும் ஆண்டிற்கும், ஏன், அரை நூற்றாண்டிற்கும் நீளும் தாளங்களும் உள்ளன. இவை ‘இன்ஃப்ரேடியன்’ எனப்படுகின்றன. அன்றாடத் தாளத்தைப் பற்றிப் பேசுமளவு இவற்றைப் பற்றி நாம் பேசுவதில்லை. எனினும் இவற்றின் கணக்கை அறிந்ததால் பிழைத்தவர்களும் உண்டு. அறிந்தவர் சொல்லைக் கேளாததால் பட்டினி கிடந்தவர்களும் உண்டு.

முதலில் ஓர் அளவுகோலை வகுத்துக்கொள்வோம். ஓர் உயிரிடம் நாம் காணும் தாளம் அதற்கே உரியதா, அல்லது வெளியே மாறும் வெயிலுக்கும் குளிருக்கும் அது தரும் மறுமொழியா? இதனை அறிய, வெளி அடையாளங்களை எல்லாம் அகற்றிவிட்டுத் தாளம் தொடர்கிறதா, நிற்கிறதா என்று பார்ப்பதே நேர்வழி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் நதேனியல் கிளைட்மன் 1938ஆம் ஆண்டு இதைத் தம் உடலிலேயே செய்து பார்த்தார். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள், சூரிய ஒளியும் வெப்ப மாறுதலும் எட்டாத ஓர் அறையில், தம் மாணவர் ரிச்சர்ட்சனுடன் 32 நாட்கள் தங்கினார். நாளொன்றுக்கு 28 மணி நேரம் என்று வைத்துக்கொண்டு இருவரும் உண்டு உறங்கினர். இளைஞரான மாணவரின் உடல் வெப்பம் அந்தப் புதிய நாளுக்கு இணங்கிற்று. 43 வயதான ஆசிரியரின் உடலோ இணங்க மறுத்து, பழைய 24 மணி நேரக் கணக்கிலேயே நின்றது. தாளம் உள்ளிருந்து வருவது, ஆனால் ஆளுக்கு ஆள் வேறுபடுவது என்னும் இரண்டையும் அந்தக் குகை காட்டிற்று.

உறக்கத்தின் உள்ளே

அதே கிளைட்மனின் ஆய்வுக்கூடத்தில்தான் நாளைவிடக் குறுகிய தாளங்களுள் மிகவும் புகழ்பெற்றது கண்டறியப்பட்டது. யூஜின் ஆசெரின்ஸ்கி என்னும் ஆய்வு மாணவர், எட்டு வயதான தம் மகனின் தலையிலும் கண்ணோரங்களிலும் மின்கம்பிகளைப் பொருத்தி, ஒரு பழைய கருவியைக் கொண்டு இரவெல்லாம் பதிவு செய்தார். ஆழ்ந்து உறங்கும் சிறுவனின் கண்கள் மூடிய இமைகளுக்குள் திடீரென விரைந்து அசைவதைக் கருவி வரைந்து காட்டியது. முதலில் கருவியின் கோளாறு என்றே அவர் எண்ணினார். கோளாறன்று என்று உறுதியான பின், ஆசிரியரும் மாணவரும் 1953ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். பெரும்பாலான கனவுகள் தோன்றும் உறக்கநிலை அது.

உறக்கம் ஒரே சீரான இருட்டன்று. மெல்லிய உறக்கத்திலிருந்து ஆழ்ந்த உறக்கத்திற்கு இறங்கி, மீண்டும் மேலேறிக் கனவுநிலைக்கு வந்து, பின் திரும்பவும் இறங்குகிறோம். ஒரு சுற்று ஏறத்தாழ 90 நிமிடம்; ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள். முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த உறக்கம் மிகுதி; விடியலை நெருங்கும்போது கனவுநிலை மிகுதி. இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழும் மாணவன் இழப்பது வெறும் சில மணி நேரமன்று. கற்றதை மனத்தில் நிலைநிறுத்தத் துணைசெய்யும் பின்னிரவுச் சுற்றுகளையே அவன் பெரிதும் இழக்கிறான். பச்சிளங்குழந்தைக்கோ சுற்று ஒரு மணி நேரத்திற்கும் குறைவு. கைக்குழந்தை அடிக்கடி விழிக்கிறதே என்று அலுத்துக்கொள்ளும் இளந்தாய்மார் இதை அறிந்தால் சற்று ஆறுதல் அடையலாம்.

விழித்திருக்கும்போதும் இதே 90 நிமிட ஏற்ற இறக்கம் தொடர்கிறது என்று கிளைட்மன் கருதினார். அதைக் கொண்டு ‘90 நிமிடம் உழைத்து ஓய்வெடுங்கள்’ என்று இப்போது பலர் அறிவுரை வழங்குகின்றனர். இடையிடையே ஓய்வெடுப்பது நன்றே. ஆனால் விழிப்பில் அந்தச் சுற்று உறக்கத்தில் போலத் தெளிவாகக் காணக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரு நாசிகள்

மூக்கின் இரு துளைகளிலும் மூச்சு எப்போதும் சமமாக ஓடுவதில்லை. சில மணி நேரம் ஒன்றில் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் ஓடி, பிறகு முறை மாறுகிறது. மேலைநாட்டு மருத்துவத்தில் இதனை 1895ஆம் ஆண்டு விளக்கி எழுதியவர் ரிச்சர்ட் கைசர் என்னும் ஜெர்மானிய மருத்துவர். நம் நாட்டு யோகியர் இடகலை, பிங்கலை என்று இதனை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கூர்ந்து கவனித்திருந்தனர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் ‘வாரசரம்’ என்று இதற்குத் தனிப்பகுதியே உண்டு.

மூக்கின் பக்கச் சுவர்களில் சுருண்ட எலும்புகள் உள்ளன. அவற்றைப் போர்த்திய சவ்வில் இரத்தக் குழாய்கள் நிறைந்துள்ளன. ஒரு பக்கச் சவ்வில் இரத்தம் நிறைந்தால் அது வீங்கி வழி குறுகுகிறது. அதே வேளையில் மறுபக்கம் சுருங்கி வழி அகல்கிறது. நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாத நரம்பு மண்டலம் இதை நடத்துகிறது. இரு துளைகளின் வழியே செல்லும் காற்றின் மொத்த அளவு அதிகம் மாறாததால் நாம் இதனை உணர்வதில்லை. ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க நாசி அடைத்து மேற்பக்க நாசி திறக்கும். அக்குளில் ஓர் அழுத்தம் கொடுத்தாலும் இவ்வாறே நிகழும். யோகியர் கையில் காணும் யோக தண்டத்தின் பயன்களுள் ஒன்று இதுவே.

கருவிகளால் அளந்தபோது இந்தச் சுற்று ஆளுக்கு ஆள் மாறுவதும், ஒருவரிடமே ஒருநாள் போல் மறுநாள் இல்லாததும் தெரியவந்துள்ளன. சிலரிடம் ஒழுங்கான சுற்றே புலப்படுவதில்லை. எனவே நாசி மாறுகிறது என்னும் நுண்ணிய கவனிப்பு மெய். அது கிழமைக் கணக்கில் நடக்கிறது என்பதை அளவீடுகளைக் கொண்டு நிறுவ இயலாது. முன்னோரின் கவனிப்பைப் போற்றுவதற்கு அவர்கள் பெயரால் சொல்லப்படும் ஒவ்வொரு பலனையும் ஏற்கவேண்டும் என்பதில்லை. நடைமுறையில் ஒன்று: மூக்கடைப்பு பக்கம் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் அச்சமில்லை, எப்போதும் ஒரே பக்கமே அடைத்திருந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

துடிப்பே செய்தி

குறுகிய தாளங்களுள் மனித வாழ்வை மிக ஆழமாகத் தொடுவது ஒன்றுண்டு. அது நமக்குப் புலப்படுவதே இல்லை.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் ஒரு சிறிய ஹார்மோனைச் சுரக்கிறது. ஜி.என்.ஆர்.எச். என்பது அதன் சுருக்கப்பெயர். அது அருகிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி வேறு இரு ஹார்மோன்களை இரத்தத்தில் அனுப்பிச் சூலகத்தையும் விந்தகத்தையும் இயக்குகிறது. ஒரு சிறுமி பருவமடைவதும், ஒரு பெண் தாயாவதும் இந்தச் சங்கிலியைப் பொறுத்தவை. இதன் அமைப்பை 1971ஆம் ஆண்டு கண்டறிந்ததற்காக ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கீமனும் 1977ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இனி இதனைச் செயற்கையாகத் தயாரித்துக் கொடுத்தால் பிள்ளைப்பேறு இல்லாத பலரது குறை தீரும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் நீண்ட நேரம் நிலைத்துச் செயல்படுமாறு செய்யப்பட்ட மருந்துகள் எதிர்மாறான பலனைத் தந்தன. தூண்டவேண்டிய பொருள் அடக்கிற்று!

இந்தப் புதிரை அவிழ்த்தவர் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் எர்ன்ஸ்ட் நோபில். ரீசஸ் குரங்குகளில் இயற்கையான சுரப்பை நிறுத்திவிட்டு, அவரது குழுவினர் வெளியிலிருந்து அந்த ஹார்மோனைச் செலுத்தினர். இடைவிடாமல் செலுத்தியபோது பிட்யூட்டரி சிறிது காலம் பதில் தந்து, பின் ஓய்ந்துவிட்டது. மணிக்கு ஒருமுறை, ஆறே நிமிடம் மட்டும் செலுத்தியபோது அது மீண்டும் உயிர்பெற்று இயங்கிற்று. துடிப்புகளின் இடைவெளியை மிகவும் நெருக்கினாலும் தளர்த்தினாலும் பலன் மாறிற்று. 1978ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு, அதுவரை ஹார்மோனின் அளவை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்த மருத்துவ உலகை அதன் வேளையையும் எண்ண வைத்தது. பொருள் அதுவே. இடையில் விட்ட மௌனமே வேறுபாடு. ஓயாமல் அடிக்கும் மணி வீட்டாரின் செவியில் விழாமற் போவதுபோல, ஓயாமல் வரும் தூண்டலுக்கு உயிரணுக்கள் தம் ஏற்பிகளைக் குறைத்துக்கொண்டு செவிடாகிவிடுகின்றன.

இதன் இருபுறமும் இன்று மருத்துவத்தில் பயன்படுகின்றன. ஹைபோதலாமஸின் துடிப்பு நின்றதால் மாதவிடாய் வராத பெண்களுக்கு, ஏறத்தாழ 90 நிமிடத்திற்கு ஒருமுறை சிறிதளவு மருந்தைச் செலுத்தும் பம்பைப் பொருத்திச் சூல்முட்டை வெளிப்படச் செய்ய முடிகிறது. மறுபுறம், ஆறேழு வயதிலேயே பருவமடையத் தொடங்கும் குழந்தைகளுக்கு, இடைவிடாமல் செயல்படும் லியூப்ரோலைடு போன்ற மருந்தை ஊசியாகப் போட்டுப் பருவத்தைத் தள்ளிவைக்கிறார்கள். எலும்புகள் விரைந்து முதிர்ந்து உயரம் குறைந்துபோகாமலும், குழந்தைப் பருவம் பறிபோகாமலும் இதனால் காக்க முடிகிறது. உரிய வயதில் ஊசியை நிறுத்தினால் துடிப்பு தானே மீள்கிறது. விந்துச்சுரப்பிப் புற்றுநோயில் ஆண் ஹார்மோனை அடக்குவதற்கும் இதே வழி கையாளப்படுகிறது.

கார்ட்டிசால் ஏறத்தாழ மணிக்கு ஒருமுறையும், இன்சுலின் சில நிமிடங்களுக்கு ஒருமுறையும் இவ்வாறே துடித்துத் துடித்துச் சுரக்கின்றன. அவற்றை விரித்தால் கட்டுரை நீளும்.

கடலும் திங்களும்

நாளின் எல்லையைச் சற்றே தாண்டினால் கடல் வருகிறது. அலையேற்றம் அடுத்தடுத்து வருவதற்கு இடையிலுள்ள காலம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். கரையோர உயிர்கள் சூரியனைவிட இதற்கே மிகுதியும் கட்டுப்பட்டவை. சென்னைக் கடற்கரையில் அலை மோதும் ஈரமணலில் புதைந்து வாழும் எமெரிடா என்னும் சிறு நண்டினத்தை எம்.கே. சந்திரசேகரன் ஆராய்ந்து 1965ஆம் ஆண்டு வெளியிட்டார். அலையே இல்லாத ஆய்வுக்கூடத்திலும் அதன் அசைவும் உயிர்வளிச் செலவும் கடலின் ஏற்ற இறக்கக் கணக்கில் தொடர்ந்தன. அதன்மேல் அன்றாடத் தாளமும் படிந்திருந்தது. பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இந்தியக் காலவுயிரியலுக்கு அடித்தளமிட்டவர் இவரே.

மாதத் தாளம் என்றதும் பெண்களின் மாதவிடாய்ச் சுழற்சி நினைவுக்கு வரும். அது 28 நாள் என்று பாடநூல்கள் கூறுகின்றன. 2019ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட சுழற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி 29.3 நாள் என்றும், சரியாக 28 நாளில் அமைந்தவை 13 விழுக்காடு மட்டுமே என்றும் தெரிந்தது. 26 நாளோ 32 நாளோ ஆகிறது என்று வருந்தும் பெண்கள் இதனை அறிந்துகொள்வது நல்லது. நிலவின் சுற்றும் 29.5 நாள்தான். ஆயினும் நிலவு இதனை நடத்துகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

எண்ணின் மேல் உள்ள மயக்கம் எங்குக் கொண்டுபோய்விடும் என்பதற்கும் இங்கே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பெர்லின் மருத்துவர் வில்ஹெல்ம் ஃபிளீஸ், பிறந்த நாள் தொட்டு 23 நாள், 28 நாள் என்று இரு சுழற்சிகள் ஒவ்வொருவரையும் ஆள்கின்றன என்றார். பிறகு வந்தவர்கள் அறிவிற்கென்று 33 நாள் ஒன்றைச் சேர்த்தனர். ‘பயோரிதம்’ என்ற பெயரில் இது உலகெங்கும் பரவி, தேர்வு எழுதவும் அறுவை சிகிச்சைக்கும் நாள் குறிக்கும் அளவுக்குப் போயிற்று. 1998ஆம் ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்ததில் இதற்கு எந்த ஆதாரமும் கிட்டவில்லை. கிட்டாதது வியப்பன்று. மெய்யான உயிர்த்தாளம் காய்ச்சலில் பிறழும், பயணத்தில் தடுமாறும், ஆளுக்கு ஆள் மாறும், மீண்டும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பிறந்த நொடி முதல் இறக்கும்வரை அனைவருக்கும் ஒரு மணித்துளியும் பிசகாத தாளம் உயிரினுடையதன்று. அது காகிதத்தில் போட்ட கணக்கு.

ஆண்டுகளைக் கடந்து

ஆண்டுத் தாளமும் வெறும் பருவகாலத்தின் எதிரொலியன்று. வடஅமெரிக்க மலைகளில் வாழும் தரை அணில் ஒன்று, பனிக்காலம் முழுதும் வளைக்குள் உறங்கும். பெங்கெலி, ஃபிஷர் என்னும் இருவர் அதனைச் சன்னலில்லாத அறையில், மாறா வெப்பத்திலும், தினமும் 12 மணி நேர வெளிச்சத்திலும் வளர்த்தனர். வெளியே என்ன பருவம் என்று அறிய வழியில்லாத நிலையிலும் அது உரிய காலத்தில் உண்டு கொழுத்து, உரிய காலத்தில் உறங்கி, உரிய காலத்தில் எழுந்தது. தனித்துவிடப்பட்ட அதன் ‘ஆண்டு’ 365 நாளுக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. சூரியன் அதைத் திருத்திக்கொடுக்கிறது, உண்டாக்குவதில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலமலையையும் மூணாற்றையும் நிறைக்கும் குறிஞ்சி 2006ஆம் ஆண்டும் 2018ஆம் ஆண்டும் பூத்தது. அமெரிக்காவில் மண்ணுக்கடியில் 13 ஆண்டும் 17 ஆண்டும் காத்திருக்கும் சிக்கேடா பூச்சிகளின் இரு பெருங்கூட்டங்கள் 1803க்குப் பின் முதன்முறையாக 2024ஆம் ஆண்டு ஒருங்கே வெளிவந்தன. இவையெல்லாம் காண்பதற்கு இனியவை. நம் நாட்டின் வடகிழக்கில் உள்ள ஒரு தாளமோ அப்படிப்பட்டதன்று.

மிசோரம் மலைகளைப் போர்த்தி நிற்பது ‘மௌதாக்’ என்னும் மூங்கில். அது ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடு முழுவதும் ஒருங்கே பூத்து, காய்த்து, பட்டுப்போகிறது. மூங்கிலுக்குள் இந்த ஆண்டுகளை எண்ணுவது எது என்பது இன்னும் விளங்காத ஒன்று. ஆனால் அளவுகோல் இங்கும் பொருந்துகிறது: ஒரே தாய்ப்புதரிலிருந்து பிரித்து வெவ்வேறு இடங்களில் நட்ட மூங்கில்கள், மண்ணும் மழையும் மாறியபோதும் ஒரே காலத்தில் பூப்பதைத் தாவரவியலார் கண்டுள்ளனர். மௌதாக்கின் காய் பேரிக்காய் அளவு பெரியது. காடெங்கும் அது கொட்டிக் கிடக்கும்போது எலிகள் தின்று பெருகுகின்றன. காய் தீர்ந்ததும், அல்லது மழையில் முளைத்துவிட்டதும், அந்தப் பெருங்கூட்டம் மலைச்சரிவுகளின் நெல்வயல்களில் இறங்குகிறது. ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டு விளைச்சல் போய்விடும். மூங்கிலின் சாவையும் அதைத் தொடரும் பஞ்சத்தையும் சேர்த்து மிசோ மக்கள் ‘மௌதாம்’ என்கிறார்கள்.

1862, 1911 ஆகிய ஆண்டுகளை ஒட்டி வந்த பஞ்சங்களைப் பெரியோர் நினைவில் வைத்திருந்தனர். அந்தக் கணக்குப்படி அடுத்தது நெருங்குகிறது என்று 1958ஆம் ஆண்டு மிசோ மாவட்டக் கவுன்சில் தீர்மானம் நிறைவேற்றி, முன்னேற்பாட்டிற்காக 15 லட்சம் ரூபாய் கேட்டது. அப்போது அப்பகுதியை ஆண்ட அசாம் அரசு, மூங்கில் பூத்தால் பஞ்சம் வரும் என்பதை மலைவாழ் மக்களின் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டது. 1959இல் மூங்கில் பூத்தது, எலிகள் வந்தன, பஞ்சமும் வந்தது. பட்டினி கிடந்தவர்களுக்கு அரிசி சுமக்க எழுந்த ‘மிசோ தேசியப் பஞ்ச முன்னணி’ 1961ஆம் ஆண்டு அரசியல் கட்சியாகி, 1966ஆம் ஆண்டு ஆயுதம் ஏந்திற்று. 1986ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்படும்வரை அந்த மலைகளில் அமைதி இல்லை. மூடநம்பிக்கை எது, கவனித்து அறிந்த கணக்கு எது என்று பிரித்தறியாத பிழைக்கு ஒரு தலைமுறை விலை கொடுத்தது.

அடுத்த முறை கணக்கைக் கேட்டார்கள். 2006 முதல் 2008 வரை மூங்கில் பூத்தபோது மாநில அரசு முன்கூட்டியே தனித்திட்டம் வகுத்திருந்தது. கொன்ற எலியின் வாலைக் கொண்டுவந்தால் காசு கொடுத்தது. எலி அதிகம் நாடாத இஞ்சியையும் மஞ்சளையும் பயிரிடுமாறு உழவர்களைத் தூண்டியது, தானியம் சேமித்தது. அப்படியும் நெல் விளைச்சல் பெருமளவு அழிந்தது. பல கிராமங்கள் துன்புற்றன. ஆனால் 1959 திரும்பவில்லை. அப்போது விழுந்த காய்களிலிருந்து முளைத்த மூங்கில் இன்று மலைகளை மீண்டும் மூடியிருக்கிறது. கணக்குப்படி அது பூக்கவேண்டியது 2055ஆம் ஆண்டை ஒட்டி.